நாடாவுக்கு இந்தப் பக்கம்

அளவெடுக்க வந்தவர்கள் ஆட்டுப்பட்டிக்குள் முப்பத்தாறு குச்சிகளை நட்டு, ஒவ்வொன்றின் தலையிலும் ரோஸ் நிற ரிப்பன் கட்டிவிட்டுப் போனார்கள். அவர்களுடைய வண்டி கிளப்பிய புழுதி அடங்குவதற்குள் வெள்ளாடுகள் முப்பத்தொரு ரிப்பனைத் தின்று முடித்துவிட்டன. மீதி ஐந்தையும் செம்மறிகள் முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே விட்டன. செம்மறிகளுக்கு அரசாங்கத்தின் மேல் எப்போதுமே கொஞ்சம் சந்தேகம் உண்டு.

ஹெர்ஷல் எட்சிட்டி மலைமேட்டில் ஏறி, சிக்னல் கிடைக்கும் ஒரே பாறையின் மேல் நின்றுகொண்டு அளவெடுத்தவர்களின் அலுவலகத்துக்கு போன் செய்தான். நீங்கள் எங்களுக்கு முக்கியமானவர் என்று ஒரு பெண்குரல் பதினேழு நிமிடம் சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில் கிடைத்த ஆள் அக்கறையாகத்தான் பேசினார். ரிப்பன் தின்ற ஆடுகளை அடையாளம் காட்ட முடியுமா என்று கேட்டார். வாயில் ரோஸ் நூல் தொங்கும் ஆடுகள்தான் என்றான் ஹெர்ஷல். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

ரிப்பன் கட்டிய இடமெல்லாம் கதிர்வீச்சை அளக்கும் கருவி அதிகமாக அலறிய இடம். மண்ணில் யுரேனியம். பட்டிக்குள் அது எப்படி வந்தது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பட்டியைக் கட்டியவர் ஹெர்ஷலின் தாயைப் பெற்ற தாத்தா. அணுகுண்டுக்காக மேட்டைக் குடைந்துகொண்டிருந்த காலத்தில் அவர் அந்தச் சுரங்கத்தில் வேலை பார்த்தார். தட்டையான, மஞ்சள் ரேகை ஓடிய, அடுக்கினால் அசையாத அருமையான கல் அங்கே குவிந்து கிடந்தது. வேண்டுமானால் எடுத்துக்கொள், காசு வேண்டாம் என்றார் மேஸ்திரி. வெள்ளைக்காரர்களுக்கு முன்பே அந்த நிலத்தில் இருந்த தினே மக்களுக்குக் கம்பெனி இலவசமாகக் கொடுத்த ஒரே பொருள் அதுதான். தாத்தா அதை வைத்து இடுப்புயரச் சுவர் எழுப்பினார். எட்டு மூலை வீட்டுக்கு அடித்தளமும் போட்டார். கம்பெனி போனது. மேட்டில் வாய் திறந்தபடி ஏழு குழிகள் மிச்சமிருந்தன. தாத்தா நாற்பத்தெட்டு வயதில் நுரையீரல் காய்ந்து போய்ச் சேர்ந்தார். சுவர் மட்டும் இன்றுவரை ஒரு கல் பிசகாமல் நிற்கிறது. நல்ல வேலைக்காரர்.

இப்போது பிரச்சினை சுவர் அல்ல, கிழக்கு மூலை.

அந்த வீட்டில் பிறந்த பிள்ளைகளின் தொப்புள்கொடி காய்ந்து விழுந்ததும் பட்டியின் கிழக்கு மூலையில்தான் புதைப்பார்கள். கொடி எங்கே இருக்கிறதோ அங்கேதான் மனம் சுற்றும். எந்தச் சீமைக்குப் போனாலும் கால் அங்கே திரும்பி வரும், அந்த இடத்துக்கு ஒன்று என்றால் பதறும். ஆட்டுப்பட்டியில் புதைத்தால் பிள்ளை ஆடுகளையும் நிலத்தையும் விட்டுப் போகாது. புதைக்காமல் தொலைத்துவிட்டால் அது வாழ்நாளெல்லாம் எதையோ தேடிக்கொண்டே இருக்கும். இதற்கு அத்தாட்சியாக ஹெர்ஷலின் மாமா ஒருவர் இருந்தார். ஆஸ்பத்திரிக்காரர்கள் அவருடைய கொடியைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். ஐந்து ஊர், மூன்று மனைவிகள். இன்றைக்கும் யார் வீட்டுக்குப் போனாலும் மேசை இழுப்பறையைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

ஹெர்ஷலின் மகள் தெஸ்பா பிறந்து எட்டு வாரம் ஆகியிருந்தது. ஆண்பிள்ளைகளுக்கு ஹெர்ஷல், எமர்சன் என்று குமாஸ்தாப் பெயர்களையும், பெண்பிள்ளைகளுக்குப் படையெடுத்துப் போகிறவள் என்ற பொருளில் பெயரையும் வைக்கிற ஊர் அது. தெஸ்பாவின் கொடி ஒரு துணியில் சுற்றி, சோளப் பூந்தாது தூவி, சின்ன மாத்திரைக் குப்பிக்குள் அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. அதை எங்கே புதைப்பது என்பதுதான் எட்டு வாரமாக அந்த வீட்டில் நடந்துகொண்டிருந்த பேச்சு. ஹெர்ஷலின் அம்மா பெர்னிதாவுக்குப் பேச்சே தேவையில்லை, கிழக்கு மூலைதான். அவனுடைய மனைவி ராலின் கல்லூரி வளாகத்தில் புதைக்கலாமே, பிள்ளை படிப்பாளே என்று ஒருமுறை மெதுவாகச் சொன்னாள். கல்லூரியிலேயே சுற்றிக்கொண்டிருந்தால் அதற்குப் பெயர் படிப்பு இல்லை, அரியர் என்றான் ஹெர்ஷல். அவனே அப்படி இரண்டு வருஷம் சுற்றியவன்தான்.

கடைசியில் மூவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். அழுக்கு மண்ணை அள்ளிவிட்டு, நல்ல மண் கொண்டுவந்து கொட்டுவதாக அலுவலகம் எழுத்தில் கொடுத்திருந்தது. நல்ல மண் வந்ததும் அதே மூலையில் தெஸ்பாவின் கொடியைப் புதைத்துவிடலாம். அதுவரை குப்பி அலமாரியில் இருக்கட்டும்.

அலுவலகம் எழுத்தில் கொடுத்ததை நம்பக் கூடாது என்பதற்குக் காற்றாலைக் கிணறே சாட்சியாக நின்றது. வீட்டிலிருந்து பார்த்தாலே தெரியும். அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் ஹெர்ஷலும் அவன் அண்ணனும் வளர்ந்தார்கள். அவர்கள் வளர்ந்து முடித்த பிறகு ஒரு நாள் ஆட்கள் வந்து தொட்டியில் 'மனிதர் குடிப்பதற்கு அல்ல, கால்நடைகளுக்கு மட்டும்' என்று சிவப்பு எழுத்தில் எழுதினார்கள். கால்நடைகளை மனிதர்கள் என்ன செய்வார்கள் என்று எழுதியவர்கள் யோசிக்கவில்லை போலிருக்கிறது. அப்புறம் தண்ணீரைச் சுத்தம் செய்ய நீல நிறத் தொட்டி ஒன்று வந்தது. உள்ளே பிசின் மணிகள் இருக்கும், தண்ணீரிலுள்ள யுரேனியத்தை மட்டும் அவை பிடித்து வைத்துக்கொள்ளும், பார்க்க மீன்முட்டை மாதிரி இருக்கும் என்று, மீனே சாப்பிடாத ஊரில் நின்று விளக்கினார்கள். ரிப்பன் வெட்டினார்கள். அந்த ரிப்பனையும் ஆடுதான் தின்றது.

நீலத்தொட்டி பொய் சொல்லவில்லை. ஏழு மாதம் நல்ல தண்ணீர் வந்தது. ஆனால் தன் வேலையை ஒழுங்காகச் செய்ததாலேயே அதற்குக் கேடு வந்தது. மணிகளில் ஏறிய யுரேனியம் ஓர் அளவைத் தாண்டியதும், தொட்டியே கையால் தொடக் கூடாத பொருளாகிவிட்டது. அதை லாரியில் ஏற்ற அனுமதி உள்ளவர் யாரும் இல்லை. அனுமதி கொடுக்க அதிகாரம் உள்ளவர் யார் என்று இரண்டு துறைகள் இன்னும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தன. நீலத்தொட்டியைப் பூட்டி, சுற்றிலும் கம்பிவேலி போட்டு, வேலியில் பலகை மாட்டினார்கள். அன்றிலிருந்து ஹெர்ஷல் வாரம் மூன்று தடவை நாற்பத்தோரு மைல் போய், பிக்கப்பின் பின்னால் கட்டிய பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருகிறான். போய், வரிசையில் நின்று பிடித்து வர ஒரு பகல் போய்விடும். அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் ஊற்றுவான். அதுதான் அவனுக்கு வேலை.

மண் அள்ளுவது பற்றி விளக்க, திட்ட மேலாளர் கிரெய்க் வீட்டுக்கே வந்தார். பதினோரு வருஷத்தில் அவர் ஏழாவது மேலாளர். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஈரத்தாளால் கையைத் துடைத்துக்கொண்டார். அவர் காபியை முடிப்பதற்குள் பெர்னிதா அவருக்குக் கைதுடைப்பான் என்று பெயர் வைத்துவிட்டாள்.

"நான் புதுசு. உங்க கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கத்தான் வந்திருக்கேன்," என்றார் கிரெய்க்.

ஏழு பேரும் முதலில் சொன்னது அதுதான்.

வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா, இந்த மண்ணால் தண்ணீரால் நோய் வந்திருக்கிறதா என்று கேட்டார். நோயைப் பெயர் சொல்லிப் பேசினால் அது வாசலைத் தேடி வந்துவிடும். அதனால் அந்த வீட்டில் அதைப் பற்றி வாய்திறந்து யாரும் பேசியதில்லை. பெர்னிதா ஜன்னல் வழியாகக் காற்றாலையைப் பார்த்தாள். ராலின் குழந்தையை மடி மாற்றினாள். கிரெய்க் மரியாதையாக ஒரு நிமிடம் காத்திருந்துவிட்டு, கவலைகள் என்ற இடத்துக்கு எதிரே 'இல்லை' என்று எழுதினார். தலைகீழாக இருந்தாலும் ஹெர்ஷலால் அதைப் படிக்க முடிந்தது.

அண்ணன் முப்பத்தொன்றாவது வயதில் சிறுநீரகம் இரண்டும் போய்ச் செத்தான். வாரம் மூன்று நாள் அவனை இரத்தம் சுத்தம் செய்ய ஹெர்ஷல்தான் கூட்டிக்கொண்டு போவான். இப்போது தண்ணீருக்குப் போகிற அதே சாலை. 'இல்லை' என்ற எழுத்தை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

பிறகு பெர்னிதா கிழக்கு மூலையைப் பற்றிக் கேட்டாள். அந்த மண்ணில் தன் கொடி இருக்கிறது, தன் பிள்ளைகள் இருவருடைய கொடியும் இருக்கிறது, அதை எங்கே கொண்டுபோவீர்கள் என்று கேட்டாள். கிரெய்க்குக்கு உண்மையிலேயே மனம் நெகிழ்ந்துவிட்டது. மிக அழகான வழக்கம் என்றார். இதற்கென்றே ஒரு படிவம் இருக்கிறது என்றார். வண்டிக்குப் போய் எடுத்துக்கொண்டே வந்துவிட்டார்.

படிவத்தின் பெயர், பண்பாட்டு மதிப்புள்ள பொருள்களை மீட்பதற்கான விண்ணப்பம். பொருள், நீளம், எடை, தற்போதைய நிலை, உரிமையாளர் பெயர், கையொப்பம். அன்று சாயங்காலம் ஹெர்ஷல் மேசையில் உட்கார்ந்து நிரப்பினான். நீளம் என்ற இடத்தில் தெரியாது என்றும், எடை என்ற இடத்தில் கனமில்லை என்றும், நிலை என்ற இடத்தில் புதைந்த நிலை என்றும் எழுதினான். முதல் வரிசையில் அம்மா பெயர். இரண்டாவதில் தன் பெயர். மூன்றாவது, அண்ணன் வரிசைக்கு வந்ததும் பேனா நின்றது. போனவரின் பெயரைச் சொன்னால், போகிற வழியில் அவரைத் திருப்பிக் கூப்பிட்ட மாதிரி ஆகும். ஆறு வருஷமாக அந்த வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை, எழுதியதில்லை. பெர்னிதா அடுப்படியில் முதுகைக் காட்டி நின்று ரொட்டி பொரித்துக்கொண்டிருந்தாள். பேனாச் சத்தம் நின்றது அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"விட்டுடு," என்றாள், திரும்பாமலேயே.

விட்டுவிட்டான். ஐந்து வாரம் கழித்துப் படிவம் திரும்பி வந்தது. விண்ணப்பம் முழுமையற்றது. மூன்றாம் வரிசையில் பெயர் இல்லை. மேலும், ஒவ்வோர் உரிமையாளரும் நேரில் வந்து கையொப்பமிட வேண்டும்.

அந்தக் கடைசி வரியை ஹெர்ஷல் அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. காகிதத்தை நாலாக மடித்து, பிக்கப்பின் வெயில் மறைப்பில் செருகி வைத்தான். தினமும் வண்டி எடுக்கும்போது அது கண்ணில் பட்டது. நேரில் வந்து. அந்த இரண்டு சொல்லைத் தட்டச்சு செய்த ஆள் சாப்பிட்டுக்கொண்டே செய்திருப்பான், ஓரத்தில் எண்ணெய்க் கறை இருந்தது.

தெஸ்பாவுக்கு மூன்று மாதம் ஆனபோது மண் அள்ளும் இயந்திரம் வந்தது. ஆடுகளை ராலினின் சித்தி வீட்டுக்கு ஓட்டிவிட்டார்கள். பட்டியைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டினார்கள். நாடாவுக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பு, முகமூடி, இரண்டடுக்குக் கையுறை. நாடாவுக்கு இந்தப் பக்கம், இருபதடி தூரத்தில், எட்சிட்டி குடும்பம் மரத்தடி மேசையில் ஆட்டுக்கறிக் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் ஆபத்தில்லை என்று கிரெய்க் உறுதி சொல்லியிருந்தார். காற்றுக்கும் சொல்லியிருப்பார் போலிருக்கிறது.

இயந்திரம் ஓட்டியவன் சாப்பாட்டு நேரத்தில் உடுப்பைக் கழற்றிவிட்டு மேசைக்கு வந்தான். லயனல் என்று பெயர், வடக்கே இருந்து வந்த தினே. வந்தவுடன் முறைப்படி தன் குலங்களைச் சொன்னான். அவனுடைய அப்பா கசப்புநீர்க் குலம். பெர்னிதா கரண்டியைக் கீழே வைத்தாள். அவளும் கசப்புநீர்க் குலம். அந்த நொடியில் அவள் அவனுக்கு அத்தை, ஹெர்ஷல் மச்சான். மச்சான் என்றால் கேலி செய்யாமல் இருப்பதுதான் மரியாதைக் குறைவு.

"மச்சான், நான் மூணு சட்ட போட்டுக்கிட்டு எட்டு மணி நேரம் நிக்கறேன். நீ பனியனோட முப்பது வருஷமா நிக்கற," என்றான் லயனல், குழம்பை ரொட்டியில் தொட்டுக்கொண்டே. "உனக்கு ராத்திரில வெளிச்சம் தேவைப்படாதே. கரண்டு பில் மிச்சம்."

"கரண்டே இல்ல. பில்லு எங்கேருந்து வரும்?" என்றான் ஹெர்ஷல்.

"பாத்தியா, இப்பவே மிச்சம்."

பெர்னிதா அவன் தட்டில் இன்னொரு துண்டு கறி போட்டாள். பிறகு கிழக்கு மூலையைப் பற்றிச் சொன்னாள். லயனல் சிரிப்பதை நிறுத்திவிட்டான். அவன் கொடியும் எங்கேயோ ஒரு பட்டியில்தானே இருக்கிறது. சாப்பிட்டு முடித்துப் போனவன் மூன்று பக்கமும் அள்ளினான், கிழக்கு மூலையைத் தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை. மூன்றாவது நாள் அவனுடைய மேற்பார்வையாளர் வந்து நின்றுகொண்டார். லயனல் இயந்திரத்தை அணைத்துவிட்டு இறங்கி, ஒரு வாளியோடு மூலைக்குப் போய் மண்டியிட்டுக் கையால் தோண்டினான். வாளி நிறைந்ததும் பெர்னிதாவிடம் கொடுக்க நாடா வரை தூக்கிக்கொண்டு வந்தான். மேற்பார்வையாளர் கருவியை வாளியின் மேல் பிடித்தார். பட்டியிலேயே அதிகமாக அலறியது அந்த வாளிதான். தாத்தா நல்ல கல்லாகப் பார்த்துத்தான் அந்த மூலைக்கு வைத்திருக்கிறார்.

வாளி நாடாவைத் தாண்டவில்லை. பெர்னிதா இந்தப் பக்கம் நின்று அதைப் பார்த்தாள். கையை நீட்டினால் தொட்டிருக்கலாம். லாரியின் தொட்டிக்குள் அவர்கள் அதைக் கவிழ்த்தபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. எத்தனை வாளி, எந்த லாரி என்று கடைசிவரை நின்று பார்த்தாள்.

லாரி எங்கே போகிறது என்பது அப்புறம்தான் ஹெர்ஷலுக்குத் தெரிந்தது. ஏதோ ஒரு தூரத்துக் கிடங்குக்குப் போகும் என்று நினைத்திருந்தான். லாரி ஓடையில் இறங்கி, அந்தக் கரையில் ஏறி, அங்கேயே நின்று கொட்டியது. ஹெர்ஷல் பிறகு நடந்து எண்ணிப் பார்த்தான். வீட்டு வாசலிலிருந்து அறுநூற்றுப் பன்னிரண்டு தப்படி. தென்மேற்கே. வசந்தகாலம் முழுக்க அங்கிருந்துதான் காற்று வீட்டைப் பார்த்து அடிக்கும். தற்காலிகம் என்றார் கிரெய்க். குவியலுக்குக் கறுப்புத் தார்ப்பாய் போட்டு, வேலி கட்டி, பலகை மாட்டினார்கள். அந்தப் பக்கத்தில் இப்போது ஆட்களைவிடப் பலகைகள் அதிகம்.

கடைசி நாள் ஒரு தண்ணீர் லாரி வந்தது. பளபளவென்று வெள்ளித் தொட்டி. உள்ளே இரண்டாயிரம் கேலன் குடிதண்ணீர். அதைக் குழாயில் பீய்ச்சி இயந்திரத்தைக் கழுவினார்கள். சக்கரச் சங்கிலி, வாளி, கைப்பிடி, மேலே உள்ள கண்ணாடி. பிறகு பூட்ஸ்களைக் கழுவினார்கள். பிறகு இயந்திரத்தை இரண்டாம் முறை கழுவினார்கள், விதியில் இரண்டு முறை என்று இருந்தது. வீட்டுக்கு வெளியே மூன்று பீப்பாய்கள் காலியாகக் கிடந்தன. அடுத்த நாள் தண்ணீருக்குப் போக வேண்டிய முறை. ஹெர்ஷல் பீப்பாயை உருட்டிக்கொண்டு போய், கழுவி முடித்த பிறகு மிச்சம் இருந்தால் கொஞ்சம் பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டான். லாரிக்காரர் சங்கடப்பட்டார். நல்ல மனிதர்தான். இந்தத் தண்ணீர் இயந்திரம் கழுவ என்று ஒதுக்கியது, வீட்டு உபயோகத்துக்குக் கொடுத்தால் தன் வேலை போய்விடும் என்றார். மிச்சத்தைத் தரையில் திறந்துவிட்டார். அது சிவப்பு மண்ணில் ஒரு பாம்பு போல ஓடி, பீப்பாயின் அடியைத் தொட்டுவிட்டு, சுவறிப் போயிற்று.

லயனல் கைகழுவிவிட்டு விடைபெற வந்தான். குப்பி விஷயம் அவனுக்குத் தெரியும். நல்ல மண் வந்ததும் புதைக்கப்போகிறீர்களாமே என்றான். ஆமாம் என்றான் ஹெர்ஷல்.

"மண்ணா? மச்சான், எங்க கம்பெனிக்கு அள்ளறதுக்குத்தான் காசு. கொட்டறதுக்கு இல்ல. ஒனக்கு யாரும் சொல்லலியா?"

யாரும் சொல்லவில்லை. லயனல் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். சங்கடம் வந்தால் மச்சான்மாருக்குக் கேலிதான் துணை.

"ஒண்ணு பண்ணு. கொடி இருக்கற எடத்துலதான மனசு சுத்தும்? புள்ளயோடத அவனுங்க ஆபீஸ் வாசல்ல கொண்டுபோய் பொதச்சிரு. அப்பறம் ஆயுசுக்கும் அவனுங்க நிம்மதியா தூங்க முடியாது."

ஹெர்ஷல் சிரித்தான். ராலினும் சிரித்தாள். பெர்னிதா சிரிக்கவில்லை. லயனலுக்கு வழியில் தின்ன ரொட்டி சுற்றிக் கொடுத்தாள்.

நல்ல மண் வரவில்லை. கடிதம் வந்தது. முதல் கட்டம் வெற்றிகரமாக நிறைவடைந்தது, இரண்டாம் கட்டம் வரும் ஆண்டுகளின் நிதிநிலையைப் பொறுத்துப் பரிசீலிக்கப்படும். அப்போதே கோடைமழையும் வந்தது. பட்டி இருந்த இடம் இப்போது இடுப்பளவுக் குழி. அதில் தண்ணீர் நின்றது. சித்தி வீட்டிலிருந்து ஆடுகள் தாங்களாகவே ஐந்து மைல் நடந்து வந்து, பழைய இடத்தைத் தேடி, குழியைச் சுற்றி நின்று குடித்தன. ஆட்டுக்கும் கொடி எங்கேயோ புதைந்திருக்கும் போல. ஹெர்ஷல் போன் செய்தான். அடுத்த வாரம் ஆட்கள் வந்து குழியைச் சுற்றிப் பார்த்தார்கள், பலகை மாட்டினார்கள். காற்றில் குவியலின் தார்ப்பாய் ஒரு பக்கம் கிழிந்து ராத்திரி பகலாகப் படபடவென்று அடித்துக்கொண்டது. பெர்னிதா வாசலில் நாற்காலி போட்டு அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுடைய மனம் எங்கே சுற்ற வேண்டுமோ அது இப்போது அங்கே, வேலிக்குள், கறுப்புத் தார்ப்பாயின் கீழே. பெரிய மகனுடையதும் அங்கேதான்.

தெஸ்பாவுக்கு ஏழு மாதம். தவழ ஆரம்பித்திருந்தாள். தவழ்ந்து போய் அலமாரியின் கீழ்க்கதவைத் திறந்து உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டாள். எல்லாக் குழந்தையும் செய்வதுதான். ஆனால் பெர்னிதா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்றாவது நாளும் குழந்தை அதே கதவைத் திறந்தபோது எழுந்து போய் மேல்தட்டிலிருந்து குப்பியை எடுத்து இடுப்புப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"வண்டிய எடு," என்றாள் ஹெர்ஷலிடம்.

"எங்க?"

"ஒன் மச்சான் சொன்ன எடத்துக்கு."

"அம்மா, அவன் கிண்டலுக்குச் சொன்னான்."

"நான் கிண்டலுக்குக் கேக்கல."

ராலின் ஏற்கனவே குழந்தைக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தாள். தான் கல்லூரி கேட்டது பிள்ளை நாலு பேரை எதிர்த்துப் பேச வேண்டும் என்றுதான், அதை அங்கேயும் கற்றுக்கொள்ளலாம் என்றாள்.

அலுவலகம் ஃபிளாக்ஸ்டாஃப் நகரத்தில், மலை தெரியும் ஒரு தெருவில், கண்ணாடிக் கட்டடத்தில் இருந்தது. வாசலுக்கு முன்னால் புல்வெளி. மழை மாதத்துச் சோளக் கொல்லைகூட அப்படிப் பச்சையாக இருந்து ஹெர்ஷல் பார்த்ததில்லை. பின்னால் காலித் தொட்டியோடு பிக்கப்பைக் கார்களுக்கு நடுவே நிறுத்தினான். பெர்னிதா இறங்கி, சூரியனைப் பார்த்து, கட்டடத்தைப் பார்த்தாள். வெல்வெட் சட்டையும் நீலக்கல் மாலையும் போட்டிருந்தாள், விசேஷத்துக்குப் போடுவது.

"வாசல் கெழக்க பாத்துதான் இருக்கு," என்றாள். "அந்த அளவுக்காவது அறிவு இருந்துருக்கு."

ஒரு கடைசி நியாயத்துக்காக ஹெர்ஷல் முதலில் உள்ளே போனான். வரவேற்பு மேசைப் பெண், கிரெய்க் வேறு மாநிலத்துக்கு மாறிப் போய்விட்டதாகச் சொன்னாள். புதியவர் திங்கட்கிழமை சேருகிறார். எல்லாவற்றையும் முதலிலிருந்து அவரிடம் சொல்லலாம், அவர் நன்றாகக் கேட்டுக்கொள்வார் என்றாள். ஹெர்ஷல் நன்றி சொன்னான். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றான்.

வெளியே வந்தபோது அம்மா புல்லை ஒரு கையகலத்துக்குக் கத்தியால் வெட்டி, கம்பளத்தைப் புரட்டுவது போலப் புரட்டி வைத்திருந்தாள். கீழே கறுப்பு மண், ஈரமாக, பொலபொலவென்று. ராலின் குழந்தையை இறக்கி உட்கார வைத்தாள். பெர்னிதா குப்பியைத் திறந்து துணிப்பொட்டலத்தை ஹெர்ஷலிடம் கொடுத்தாள். அப்பன்தான் வைக்க வேண்டும். கனமில்லை. எடை என்ற இடத்தில் அவன் எழுதியது சரிதான்.

காவலாளி ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும், சட்டை தொளதொளவென்று இருந்தது. இங்கே தோண்டக் கூடாது என்றான். அப்புறம் கிழவியின் மாலையையும் குழந்தையையும் பார்த்துவிட்டு, என்ன நடுகிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டான்.

"எங்க பொண்ணோடது," என்றான் ஹெர்ஷல்.

"முளைக்குமா?"

"இருபது வருஷம் ஆவும்."

"இதுக்கு அனுமதி வாங்கணும் சார்."

"வாங்கிக்கறோம். ஃபாரம் இருக்கானு கேட்டுட்டு வாங்களேன்."

காவலாளிக்கு அது நியாயமாகப் பட்டது. எந்தப் படிவம் என்று கேட்க உள்ளே போனான். கண்ணாடி வழியாக, வரவேற்புப் பெண் ஓர் இழுப்பறையைத் திறப்பதும், மூடுவதும், இன்னொன்றைத் திறப்பதும் தெரிந்தது.

ஹெர்ஷல் பொட்டலத்தை மண்ணில் வைத்தான். பெர்னிதா பூந்தாதைத் தூவி வாய்க்குள் ஏதோ சொன்னாள். அதற்கு மேல் மண்ணைத் தள்ளி, புரட்டிய புல்லைத் திருப்பி மூடி, உள்ளங்கையால் அழுத்தினாள். எங்கே வெட்டியது என்றே தெரியவில்லை. பிறகு அவள் அந்த இடத்தைப் பார்க்கவில்லை, கட்டடத்தைப் பார்த்தாள். மூன்று மாடி, ஒவ்வொரு ஜன்னலாக. அன்று லாரிகளைப் பார்த்த அதே பார்வை.

சரியாகப் பதினோரு மணிக்குப் புல்வெளிக்குள்ளிருந்து குழாய்த் தலைகள் தாமாக எழும்பின. சிக் சிக் என்று சுற்றிச் சுற்றித் தண்ணீர் பீய்ச்சின. புல்லில் பாதி, நடைபாதையில் பாதி. நடைபாதையில் விழுந்தது சரிவில் ஓடி, தெருவோரம் திரும்பி, பிக்கப்பின் சக்கரத்தை நனைத்துவிட்டுச் சாக்கடைக் கம்பிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ராலின் குழந்தையைத் தூக்கக் குனிந்தாள். தெஸ்பா வரமாட்டேன் என்று இரண்டு கையாலும் புல்லைப் பற்றிக்கொண்டாள். ஒவ்வொரு சுற்றிலும் தண்ணீர் அவள் முகத்தில் அடித்தது, அவள் கண்ணை மூடவில்லை.